ஒரு பயனர்

இன்று காலை பள்ளி அலுவலகத்தில் கணினியைப் போட்டதும் திரை முழுக்க அந்த அறிவிப்பு மறுபடியும் வந்து நின்றது. இந்தக் கணினி புதிய விண்டோஸுக்குத் தகுதியானது அல்ல, பழையதற்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதுக் கணினி வாங்குவது பற்றி யோசியுங்கள் என்றது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'பிறகு நினைவூட்டு', இன்னொன்று 'மேலும் அறிய'. 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இல்லை. உடனே உன் குரல் கேட்டது. "வேணாம்னு சொல்ல பட்டன் இல்லாத எடத்துல நீ வாடகைக்கு இருக்கேன்னு அர்த்தம்டி." கல்லூரி கேன்டீனில், பாதி சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னது. நான் 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினேன். உனக்கு எதிராகவே அழுத்தினேன்.

நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் முடிந்துவிட்டன. ஆறு நாள் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் வரைக்கும் யாரும் பயப்படவில்லையாம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறது. உள்ளே திறந்து பார்க்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளைத்தான் மனிதர்கள் பயன்படுத்த வேண்டும் என்று வாரம் தவறாமல் கூடிப் பேசுகிறார்களே, அந்தக் குழு. அதன் பொறுப்பாளர் என்னை அழைத்து, "நீங்க அவங்களோட காலேஜ் ஃப்ரெண்டுதானே, நல்லதா ஒரு நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்றார். சரி என்றேன். எனக்கு எப்போதும் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். மூன்று வாரமாகியும் அந்த நாலு வரி வரவில்லை. வருவது இதுதான். போடுவதாக இருந்தால் முழுதாகப் போடட்டும்.

நாம் இருவரும் ஒரே பெஞ்சு. நீ உழவர்கரையில் மாடி வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவாய், நான் வீராம்பட்டினத்திலிருந்து பேருந்தில். உன் அப்பா பொறியாளர். என் அம்மா மீன் கூடையோடு இறங்கும் அதே நிறுத்தத்தில்தான் நான் புத்தகப் பையோடு இறங்குவேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வகுப்பில் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டேன். நீ என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இவளுக்குத் தெரியும்" என்று கத்துவாய். அப்போது அது அன்பு என்று நினைத்தேன். அன்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் என் வாயைத் திறப்பதும் மூடுவதும் உன் வேலை என்று நீ அங்கேதான் பழகிக்கொண்டாய்.

இரண்டாம் ஆண்டில் என் மடிக்கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டாய். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன், திரும்பி வந்தபோது பாதி முடிந்திருந்தது. "இனிமே நீ அடிமை இல்ல" என்று தட்டிக் கொடுத்தாய். வைஃபை வரவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடவில்லை. அந்த வாரம் முழுக்க நான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில், வருவோர் போவோருக்கு நடுவே உட்கார்ந்து பயிற்சி செய்தேன். உன் கணினி கெட்டால் உனக்கு இன்னொன்று வரும். எனக்கு அது ஒன்றுதான். அடிமை என்ற சொல்லை நீ போகிற போக்கில் சொன்னாய். எங்கள் வீட்டில் அதை விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்வதில்லை. நான் இதை உன்னிடம் சொல்லவில்லை. மறு வாரம் உனக்கு வஞ்சிரம் குழம்பு கொண்டு வந்தேன்.

படிப்பு முடிந்ததும் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில்தான் அப்படி ஒரு தொழில் நடக்கும். பிரெஞ்சுப் படையில் இருந்த தாத்தா, அவருடைய கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேரன் பேத்திகளின் விசா என்று தலைமுறை தலைமுறையாகக் காகிதம் தேவைப்படும் குடும்பங்கள் எங்களிடம் வரும். ஒரே கோப்பில் மேலே தமிழ், கீழே பிரெஞ்சு. நடத்தியவருக்கு எழுபது வயது இருக்கும். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எந்த முடிவைச் சொல்லும் முன்பும் "அலோர்..." என்று, 'ஆக' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை இழுத்து, அது முடிவதற்குள் யோசித்துவிடுவார்.

அங்கே தமிழ் தட்டச்சு செய்ய ஒரு பழைய மென்பொருள் இருந்தது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கணினியின் பின்னால் செருகினால்தான் அது திறக்கும். நாங்கள் அதைப் பூட்டு என்போம். விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பூட்டு தளர்ந்துபோய், ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டியிருந்தோம். அது செத்தால் இருபது வருடத்துக் கோப்புகளையும் திறக்க வழியில்லை. இதை ஒரு நாள் மாலை கடற்கரையில் உன்னிடம் சொன்னேன். உன் கண் விரிந்தது. "ஒரு ஊரோட பிறப்பு இறப்பு மொத்தமும் ஒரு செத்துப்போன கம்பெனியோட பூட்டுல இருக்குடி. எவ்ளோ பெரிய அசிங்கம் தெரியுமா?" என்றாய். நீ சொன்னது சரி என்று அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். உன்னை முசியேவிடம் கூட்டிப்போனது நான்தான். இதில் என் பங்கு அங்கே தொடங்குகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

நீ வந்த அன்றைக்கு, கணினிகளுக்குச் சர்வீஸ் பார்க்கும் செல்வமும் இருந்தார். பிரிண்டரைப் பிரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். நீ அவரைப் பார்க்காமலே முசியேவிடம் லினக்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தாய். அவர் தலையைத் தூக்கினார்.

"ஏம்மா, ஓசில குடுக்கறது ஓசி மாதிரிதான் ஓடும்."

"இப்ப இதுல ஓடுற விண்டோஸ் மட்டும் காசு குடுத்து வாங்குனதா அண்ணா? நீங்க போட்ட திருட்டுக் காப்பிதானே?"

முசியேவின் கண்ணாடி மூக்கில் இறங்கியது. "திருட்டா? செல்வம், இங்கேருந்து கோர்ட்டுக்குப் பேப்பர் போவுது."

"இன்னா முசியே நீங்க. ஊர்ல எவன் வெச்சிருக்கான் ஒரிஜினலு?" செல்வம் எழுந்துவிட்டார். "நீ சொல்லும்மா, உன் லினக்ஸுல இந்தப் பிரிண்டர் ஓடுமா? ஸ்கேனர் ஓடுமா? நாளைக்கி நின்னுச்சின்னா உன்ன எங்க போய்த் தேடறது, ஞாயித்துக்கெழம கூட்டத்துலயா?"

"உங்கள எங்க தேடறது? போன மாசம் மூணு நாள் நீங்க போன எடுக்கலன்னு இவ சொன்னா."

நான் அதை உன்னிடம் தனியாகச் சொன்னது. செல்வம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. அவர் பேச்சை மாற்றவில்லை. "காசு குடுத்து வாங்குனா கேக்கறதுக்கு ஒரு ஆளு இருப்பான். இதுல தப்பு வந்தா யாரக் கேக்கறது? ஊருக்கே சொந்தம்னா எவனுக்கும் பொறுப்பு இல்லன்னுதானே அர்த்தம்?"

"பொறுப்பு மறைக்கிறவங்க கிட்டதான் கிடையாது. எங்க கிட்ட எல்லாம் தெறந்து கெடக்கும். யார் எப்ப எந்தத் தப்பு பண்ணாங்கன்னு எழுதி வெப்போம், யார் வேணா படிக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லுடி, தெனமும் இதுல உக்காந்து டைப் பண்றவ நீதானே?"

எனக்குச் சொல்ல இருந்தது. பூட்டு போக வேண்டும், ஆனால் பழையதை ஒரு மாதமாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறலாம் என்று சொல்ல நினைத்தேன். வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோதே நீ சிரித்துவிட்டாய். "இவ எப்பவும் இப்படித்தான் முசியே, வாயில கொழுக்கட்ட." மூன்று பேரும் சிரித்தீர்கள். செல்வமும்கூட. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒரே கட்சி.

முசியே அலோர் என்று இழுத்து, மாற்றிவிடலாம் என்றார். வெற்றி உனக்கு.

அது ஆடி மாதம். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் நீ அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் போட்டாய். பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை இன்றைய பொதுத் தமிழ் எழுத்துக்கு மாற்ற நீயே எழுதிய நிரலை ஓட்டினாய். ஆயிரக்கணக்கான கோப்புகள் கண் முன்னால் மாறின. பூட்டு இல்லாமல், எந்தக் கணினியிலும் திறக்கும் தமிழ். முசியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் முதல் வருடக் கோப்பு ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. அதை மறுக்கவில்லை.

"சும்மா பத்து இருபது தெறந்து பாருடி, தெறக்குதான்னு சொல்லு" என்றாய். நான் பார்த்தேன். திறந்தன. தமிழ் அழகாக இருந்தது. பதினேழாவதோ பதினெட்டாவதோ கோப்பில், கீழே இருந்த பிரெஞ்சுப் பகுதியில், தெரேஸ் என்ற பெயருக்கு நடுவே ஒரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருந்தது. அடுத்ததைத் திறந்தேன், அதிலும் அப்படியே. தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் ஒரு தமிழ்த் துண்டு. எனக்குச் சட்டென்று புரிந்தது. கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பழைய எழுத்துருவில் ஒரு தமிழ் எழுத்துக்கு இருந்த எண்ணும் அந்தப் பிரெஞ்சு எழுத்துக்கு இருந்த எண்ணும் ஒன்று. உன் நிரல் எண்ணை மட்டும் பார்த்தது. எந்த மொழியில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. வேறு ஊரில் எழுதியிருந்தால் அந்த நிரலில் குறையே தெரிந்திருக்காது. தமிழும் பிரெஞ்சும் ஒரே தாளில் கிடக்கிற இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நீ அதை மறந்தாய்.

எழுந்து உன்னிடம் வந்தேன். அப்போது செல்வம் தன் கருவிப் பையை எடுத்துப் போக வந்து, வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணு சொல்லணும்" என்று உன் காதருகே குனிந்தேன். "பிரெஞ்சு எழுத்தெல்லாம் மாறி இருக்குது. பழைய டிஸ்க்க அழிக்காத."

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. உதட்டை அசைக்காமல் சொன்னாய்: "தெரியும், ஃபாண்ட் பிரச்சன. நாளைக்குள்ள சரி பண்ணிடறேன். செல்வம் நிக்கிறாரு, வாய மூடு." பிறகு எல்லோருக்கும் கேட்க, "பழசு இருந்தா பழசுக்கே போயிடுவீங்க" என்று சொல்லி, மூலக் கோப்புகள் இருந்த அந்தப் பழைய டிஸ்க்கை அழிக்கும் பொத்தானை அழுத்தினாய். செல்வம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் அழுத்தினாய்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்த் தேர். எனக்கு மட்டும் விடுப்பு. வீடு முழுக்க உறவுக்காரர்கள், தெரு முழுக்க ராட்டினமும் பலூனும். நான் கூட்டத்தில் நின்றுகொண்டு உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. சரி செய்திருப்பாய் என்று நம்பினேன். உன்னை நம்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

அன்றைக்கே நெல்லித்தோப்பிலிருந்து ஒரு அம்மா வந்து, தன் மகளின் விசாவுக்காகக் குடும்பத்தின் பழைய பதிவுகளை வாங்கிப்போயிருக்கிறார். மகளுக்கு நேர்காணல் திங்கட்கிழமை. மாப்பிள்ளை பாரிஸ் பக்கம், அவளுக்கு ஐந்தாம் மாதம். முசியே அவசரமாக நாற்பது பக்கம் அச்செடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்துக்கு மேலே இருந்ததைப் படிக்கவில்லை. எங்களிடமிருந்து வருகிற தாள் சரியாகத்தான் இருக்கும் என்பது அவருக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் என்னால் வந்தது. இரண்டு வருடத்தில் என் தாளில் ஒரு எழுத்துப் பிசகியதில்லை.

திங்கட்கிழமை மதியம் அந்த அம்மா, நேர்காணலில் திருப்பிக் கொடுத்த கட்டோடு வந்தார். பெயர்களுக்கு நடுவே இருந்த தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். "ஒரு பொண்ணு நாலு மாசமா இந்தத் தேதிக்குக் காத்துட்டு இருந்தா முசியே" என்றார். கத்தவில்லை. அடுத்த தேதி கிடைப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இங்கேயே பிறந்தது. அப்பன் அதைப் போனில் பார்த்தான்.

முசியே உன்னையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். "யார் சரிபார்த்தது?"

நீ என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாய். "நான் இவளத்தான் செக் பண்ணச் சொன்னேன். எல்லாம் தெறக்குதுன்னு சொன்னா."

பொய் இல்லை. நான் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு சொன்னதை நீ விட்டுவிட்டாய். முசியே என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. நீ பேசுவாய் என்று காத்திருந்தேன். மூன்று வருடமாக, "மிஸ், இவளுக்குத் தெரியும்" என்று கத்தியவள்தானே நீ. அந்த அறையில் அதைச் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது, சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

"அலோர்... நாளையிலேருந்து வர வேணாம்மா" என்றார் முசியே. உன்னிடம் மிச்ச வேலையை முடித்துக் கொடுக்கச் சொன்னார். மூலக் கோப்புகள் அழிந்துவிட்டதால், அடுத்த பல மாதங்கள் காகிதக் கட்டுகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்களாம். தட்டச்சு செய்தது நீ இல்லை.

வீட்டில் அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாடி இவ்ளோ சீக்கிரம்?" என்றாள். "ஆபீஸ்ல கம்ப்யூட்டரு மாத்திட்டாங்கம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாத்துனது கம்ப்யூட்டருதானே? உன்ன இன்னாத்துக்கு மாத்துனாங்க?" என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்கள் குழுவில் இவ்வளவு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது.

அதற்குப் பிறகு நீ எனக்கு மூன்று செய்தி அனுப்பினாய். முதலில் 'கோபமா?' என்று. இரண்டாவது ஒரு வேலை விளம்பரம். மூன்றாவது, தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம். எதற்கும் நான் பதில் போடவில்லை. ஒரு நாள் சந்தித்துச் சண்டை போடுவோம் என்று வைத்திருந்தேன். என்ன சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கி அடுக்கி, அவை மனப்பாடமே ஆகிவிட்டன. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. செய்தி கேட்டு உன் தெரு முனை வரைக்கும் வந்தேன். வாசலில் உங்கள் குழுவினர் நின்றிருந்தார்கள். நான் திரும்பிவிட்டேன். செத்தவளிடம் கேட்க முடியாது என்ற கோபம் வந்தது. அழுகைக்கு முன்னால் அதுதான் வந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்த மடலில் அர்த்தமில்லை.

இப்போது நான் வேலை செய்யும் பள்ளியில் ஒன்பது கணினிகள். எல்லாவற்றிலும் இந்த அறிவிப்பு போன மாதத்திலிருந்தே வருகிறது. தலைமை எழுத்தர், "நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணாச்சே, அந்த லினக்ஸ் போட்டா இதுவே ஓடுமாமே" என்று கேட்டார். நல்ல கணினிகளைத் தூக்கிப் போட நிர்வாகத்துக்கு மனமில்லை. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கணக்குக்கு உட்காருபவரிடமிருந்து நூலகர் வரைக்கும் ஒவ்வொருவராகப் போய், தினமும் என்னென்ன திறக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினேன். பழைய எழுத்துருவில் இருந்த மாற்றுச் சான்றிதழ்க் கோப்புகளை நகல் எடுத்துப் பூட்டி வைத்தேன். அவற்றை மாற்ற ஒரு நிரல் வேண்டியிருந்தது. தேடினால், முதலில் வந்தது உன்னுடையது.

நீ சொன்னபடி எல்லாம் திறந்து கிடந்தது. மாற்றக் குறிப்பு என்று ஒரு கோப்பு. யார் எப்போது எந்தத் தவறைத் திருத்தினார்கள் என்று வரிசையாக இருக்கும் பட்டியல். என்னை வேலையிலிருந்து அனுப்பிய திங்கட்கிழமைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, நீ இப்படி எழுதியிருந்தாய்: "பிரெஞ்சு எழுத்துகள் தமிழாக மாறிவிடும் பிழை திருத்தப்பட்டது. ஒரு பயனர் முன்கூட்டியே சுட்டிக்காட்டினார். கவனிக்காமல் விட்டது என் தவறு."

மூன்று வரியையும் பல முறை படித்தேன். ஒரே நாள். ஒரே நாளில் உனக்கு உண்மையை எழுத முடிந்திருக்கிறது. உலகத்தில் எவனும் படிக்கலாம் என்று வைத்தாய். அந்த அறையில் இருந்த ஒரு கிழவருக்கு மட்டும் சொல்லவில்லை. அலுவலகத்தின் மாடிப்படி ஏறினால் முடிந்திருக்கும். செல்வத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாயா? லினக்ஸ் தோற்றது என்று அவர் சிரிப்பாரே என்று என்னைத் தோற்க விட்டாயா? மறைக்கிறவர்களிடம்தான் பொறுப்பு கிடையாது என்று அவரிடம் அடித்துச் சொன்னாய். அன்றைக்கு மறைத்தது எந்தக் கம்பெனி?

அதைவிட என்னை எரித்தது அந்த இரண்டாவது வரி. ஒரு பயனர். ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்தவள், உன் காதில் குனிந்து சொன்னவள், உனக்கு ஒரு பயனர்.

உன் உரிமத்தில் தெளிவாக இருக்கிறது: யாரும் மாற்றலாம், மாற்றத்தை அனுப்பலாம். நான் அந்த வரியை மாற்றி அனுப்பினேன். இப்போது நிரலைப் பார்த்துக்கொள்பவர் உங்கள் குழுப் பொறுப்பாளர்தான். இரண்டு நாள் கழித்து அழைத்தார்.

"அவங்க கைப்பட எழுதுனது மேடம். இறந்தவங்க எழுதுனதப் போய் மாத்தணுமா? வேணும்னா கீழ தனியா ஒரு வரி சேத்துக்கலாமே."

"கீழ வேணாம். அந்த எடத்துலதான் வேணும்."

"இல்ல, நினைவு மலர் வேற போடறோம்..."

"மாத்தலாம்னு அவதான் எழுதி வெச்சிருக்கா. மாத்தக் கூடாதுன்னா எந்த எடத்துல எழுதியிருக்குன்னு காட்டுங்க."

அவர் அமைதியாக இருந்தார். நானும் இருந்தேன். எனக்கு அமைதி புதிதில்லை. கடைசியில் அவர்தான் "சரி மேடம்" என்றார். அன்று மாலையே அந்த வரி மாறியது. 'பிழையை முன்கூட்டியே சுட்டிக்காட்டியவர்: மு. பூவரசி, தட்டச்சர்.'

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் முசியேவிடம் போனேன். என்னைக் கண்டதும் அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. தாளைப் பார்த்துவிட்டு, "வெச்சிட்டுப் போம்மா, அப்புறம் படிக்கிறேன்" என்றார்.

"இப்பவே படிங்க. நான் நிக்கிறேன்."

படித்தார். மெதுவாக, உதடு அசைய. தேதியை இரண்டு முறை பார்த்தார். தாளை மேசையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுதான் போயிட்டுதே. இனிமே எதுக்கும்மா இதெல்லாம்?"

"நான் சாகலியே, முசியே."

எனக்கே தெரியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வெளி அறையில் தட்டச்சு ஓசை நின்றது. அவர் தாளின் மேலிருந்து கையை எடுத்தார். "நீ அன்னைக்கே சொன்னியா?" என்று கேட்டார். "அன்னைக்கே சொன்னேன். டிஸ்க்க அழிக்காதன்னும் சொன்னேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "தப்பு இந்தப் பொண்ணு மேல இல்ல" என்று சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதற்காகப் போகவில்லை.

எனவே நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. நான் உன்னை மன்னிக்கவில்லை. செத்துவிட்டாய் என்பதற்காக மன்னிப்பது, உயிரோடு இருந்தபோது உன் முன்னால் வாயை மூடிக்கொண்டதைப் போலத்தான் இருக்கும்.

உன் நிரலை மட்டும் விடவில்லை. நேற்று அதில் இன்னொரு பிழை கண்டேன். இடம் விட்டு எழுதிய தலைப்பெழுத்துகளைப் பெயரோடு ஒட்டிவிடுகிறது. உன் அவசரம் அப்படியே அதில் இருக்கிறது. எங்கே சோதித்துப் பார்க்காமல் தாண்டினாய் என்று வரிக்கு வரி தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் திருத்தப் போகிறேன். மாற்றக் குறிப்பில் கண்டது யார், திருத்தியது யார், எழுதும்போது தப்பு விட்டது யார் என்று மூன்றுக்கும் பெயர் போடுவேன். உன்னோடு சண்டை போட எனக்கு மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான்.